மூன்று பேருக்கு ஒரு காலண்டர்

நானும் அண்ணனும் பேச்சை நிறுத்தினோமே தவிர தொழிலை நிறுத்தவில்லை. எங்கள் ஊரான பாச்சாங்கில் எங்களுக்குக் கூடாரம், நாற்காலி, மேசை வாடகைக்கு விடும் கடை இருக்கிறது. என்னைக் கேட்காமல் அவர் இரண்டாவது லாரி வாங்கியதில் தொடங்கிய சண்டை. நான் கடையில் இருந்தபடி போனில் ஆர்டர் எடுப்பேன். அவர் வெளியே அலைந்து ஆர்டர் பிடிப்பார். எங்களுக்கு நடுவே சேதி கொண்டுபோனவர் லாரி ஓட்டும் பாய்.

"தங்கச்சி, சனிக்கிழம அண்ணன் ஒரு வேல எடுத்திருக்காரு" என்பார். சில சமயம் சொல்ல மறந்துவிடுவார்.

அப்படி மறந்த ஒரு வாரம், ஆயர் குரோவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கும், பத்து பெரண்டாமில் ஒரு மலாய்க்காரர் வீட்டு விருந்துக்கும் ஒரே நாளில் ஒரே பெரிய கூடாரத்தை ஒப்புக்கொண்டிருந்தோம். முந்தின நாள் சாமான் ஏற்றும்போதுதான் தெரிந்தது. எங்களுக்குப் போட்டியான சீனர் கடையில் கூடாரம் இரவல் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வேலை முடிந்ததும் பாய் லாரிச் சாவியை என் மேசையில் வைத்தார்.

"இனிமே நான் சேதி சொல்ல மாட்டேன்மா. ரெண்டு பேரும் பேசுங்க. இல்லன்னா ஏதாச்சும் கம்ப்யூட்டர்ல போடுங்க லா."

பேசுவதைவிடக் கம்ப்யூட்டர் சுலபமாகத் தெரிந்தது.

முதலில் பார்த்த மென்பொருள் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் டாலரில் கேட்டது. பெரிய ஆபீசுகளுக்கு அது சரி. இன்னொன்று முதல் மாதம் இலவசம் என்றது. வரப்போகும் கல்யாணங்களையெல்லாம் உட்கார்ந்து ஏற்றினேன். மாதம் முடிந்ததும் பணம் கட்டினால்தான் திறப்பேன் என்று பூட்டிக்கொண்டது. வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்துத் தேதியை மறுபடி கேட்டேன். கடைசியில் மின்னஞ்சலோடு சும்மா வரும் காலண்டரையே மூவருக்கும் பொதுவாக்கினேன். அது என் போனில் எப்போதும் இருந்ததுதான்.

"லிங்க் அனுப்பியிருக்கேன், அமுக்கினா போதும்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க பாய்."

"இதான் கடைசி சேதி" என்றார் அவர்.

அண்ணன் அன்று மதியமே சேர்ந்தார். அவர் வேலைகள் பச்சையிலும் என்னுடையவை சிவப்பிலும் தெரிந்தன. இரண்டும் ஒரே நாளில் மோதினால் யாராவது ஒருவர் வாடிக்கையாளரிடம் பேசி மாற்றுவோம். ஒவ்வொரு வேலைக்கும் கீழே குறிப்பு எழுத இடம் இருந்தது. "பாதை குறுகல். சின்ன லாரி அனுப்பு" என்று எழுதுவார். "சரி" என்பேன். ஒருமுறை, "தீபாவளிக்கு ரெண்டு நாள் கடை அடைப்போமா?" என்று கேட்டிருந்தார். நான் கீழே பதில் எழுதினேன். "அடைக்கலாம்."

போன மழைக்காலத்தில் ஒரு நாள் பாயின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அண்ணன் குரல்.

"என் போன் தண்ணில விழுந்துருச்சு. பாய் போன்ல பேசுறேன். நாளைக்கு என்ன வேல இருக்கு?"

பாயின் போனிலும் அதே காலண்டர் இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. மறுநாள் வேலைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவரும் நடுவே குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

"சாப்டியா?" என்றார் கடைசியில்.

"இன்னும் இல்ல" என்றேன்.