அடிக்கோலால் அளந்த தூரம்

இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்த காலம். மெட்ராசிலிருந்து கொழும்புக்கு ஆகாயக் கப்பல் பறந்த சேதியைப் பத்திரிகையில் படித்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் சுவரிலிருந்த தேசப்படத்தில் அடிக்கோலை வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஊர் தூரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி லீவு கேட்டு வந்தாள். திருச்சியில் அவளுடைய தாய் படுத்த படுக்கையாம். எத்தனை நாள் கேட்கலாம் என்று என்னிடமே கேட்டாள். நான் அடிக்கோலை எடுத்தேன்.

"ஆகாயத்தால மூண்டு மணித்தியாலம்தான். ரயிலும் கப்பலுமாப் போய்வர உனக்கு எட்டு நாள் காணும்."

எட்டு நாள் என்றே துரையிடம் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தேன். நாள் தாண்டினால் வேலையிலிருந்து பேர் வெட்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

நாலாம் நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் கூடையோடு நின்றாள். தாயைப் பற்றிக் கேட்டேன்.

"பாக்கலைங்க. திரும்பி வர்றப்ப அக்கரையில மண்டபம் கேம்புல ஒரு வாரம் அடைச்சு வைப்பாங்கன்னு, கப்பலேறுற தலைமன்னார்லதான் சொன்னாங்க. நீங்க சொன்ன நாளுக்குள்ள வர முடியாதுன்னு கப்பலேறாம அங்கேயிருந்தே திரும்பிட்டேங்க."

இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வரும் கூலியாட்களை நோய்க்குப் பயந்து அங்கே நிறுத்திவைப்பது எனக்குத் தெரியாததல்ல. சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்குப் போய்வரும் எனக்கு அந்தக் கேம்ப் இல்லை; அதனால் நினைவில் வரவில்லை.

அவள் கோபப்படவில்லை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே கேட்டாள்: "ஆகாயக் கப்பல்ல வர்றவங்களையும் அங்க அடைப்பாங்களாங்க?"

தெரியாது என்றேன். தெரியும்.