அமுக்காத கை

எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தது. முதல் ஈடு கோலா உருண்டைகளைச் சட்டியில் போட்டேன். போட்ட மாத்திரத்தில் ஒவ்வொன்றாக உடைந்து உதிர்ந்து, எண்ணெய் முழுக்கக் கறித்தூளாக மிதந்தது. நுரை வேறு பொங்கிக்கொண்டு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் வீட்டுக்கு என்றால் உதிர்ந்ததை அரித்தெடுத்துச் சோற்றில் பிசைந்து தின்றுவிட்டுப் போயிருப்போம். இது விருதுநகரில் ஒரு மண்டிக்காரர் வீட்டுக் கல்யாண நாள் விருந்துக்கு. வருகிறவர்களுக்கு முதலில் சுடச்சுடக் காரமாகக் கோலா கொடுக்க வேண்டும் என்று அந்த வீட்டு அக்கா என்னிடம் ஆர்டர் கொடுத்திருந்தார். "இது நல்லா அமைஞ்சிருச்சின்னா, மண்டியில வேலை பாக்குறவுகளுக்கு மத்தியானச் சாப்பாடு தெனமும் நீயே குடுத்துரு" என்றும் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் பல நாளாகத் தூங்காமல் கிடந்தேன்.

காரணம் என் வீட்டுக்காரர். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். வெடிக்குள் போகிற மருந்தைக் கையால் கலக்குகிற வேலை. சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து அவர் இறங்குகிற வரைக்கும் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன். நின்றுவிடுங்கள் என்று சண்டை போடும்போதெல்லாம் ஒரே பதில்தான். "தெனப்படி ஆர்டர் ஒண்ணு கெடைக்கட்டும். நின்னுக்கிடுதேன். ரெண்டு பேருமா ஒக்காந்து சமைப்போம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து, எனக்கு எப்போதும் ஒத்தாசை செய்கிற பக்கத்து வீட்டுக்காரி கிடாவெட்டுக்கு என்று காரியாபட்டி போய்விட்டாள். கம்பெனி லீவு என்பதால் இவர் தானாக வந்து, "நான் பெசைஞ்சு உருட்டுதேன், நீ அடுப்பைப் பாரு" என்றார். கொத்துக்கறி, சின்ன வெங்காயம், தேங்காய், சோம்பு, பச்சை மிளகாய் எல்லாம் நானே அரைத்துக் கொடுத்தேன். பொட்டுக்கடலை மாவும் நானே அளந்து போட்டேன். பிறகு எப்படி உதிரும்?

வெங்காயத்துத் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு சேர்த்தேன். எண்ணெயை வடிகட்டி மறுபடி காய வைத்தேன். இவர் மறுபடி பிசைந்து உருட்டித் தந்தார். அதுவும் உடைந்தது. எங்கள் ஊர் ஆமத்தூரில் கறிக்கடை சாத்தியாகிவிட்டது. இருக்கிற கறி அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து அக்காவின் போன். "மதுரைக்காரவுக சீக்கிரமே வந்துருவாகளாம். நீ வெரசலா வந்துரு, என்ன?"

"சரிக்கா" என்றேன். போனை வைத்ததும் எனக்கு வந்ததே கோபம்! "என்னத்தத்தான் பெசையிறீக? எங்க, பெசைங்க பாப்போம்!" என்று அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

அவர் பிசைந்தார். இல்லை, பிசையவில்லை. விரலை விரித்துக் கறியை அடியிலிருந்து அள்ளி மேலே விட்டார். அள்ளுகிறார், விடுகிறார். உருட்டும்போதும் உள்ளங்கையில் கோழிக்குஞ்சை வைத்திருப்பதுபோல வைத்து லேசாகச் சுழற்றுகிறார். உள்ளங்கை கறியை அழுத்தவே இல்லை.

"அடப் பாவி மனுசா, அமுக்கிப் பெசைங்க! தேய்ச்சுப் பெசைங்க!" என்று கத்தினேன்.

"அமுக்கத்தான செய்யுதேன்" என்றார். அவருக்கு அது தெரியவே இல்லை. மருந்தை அமுக்கக்கூடாது, உரசக்கூடாது, தேய்க்கக்கூடாது. உரசினால் தீ. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கை அப்படியே பழகிவிட்டது.

அவர் கையைப் பிடித்துக் கறிக்குள் வைத்து என் கையால் அழுத்தினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும், நீங்க எந்திரிங்க, நானே பெசைஞ்சுக்கிடுதேன்" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. மறுபடி கையை உள்ளே விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். அழுத்தும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"எதுக்கு இப்படி மூஞ்சியத் திருப்புறீக?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மருந்து கலக்குற ரூமுக்குள்ள அப்படித்தான். பட்டுன்னு பத்திக்கிட்டா கண்ணாவது மிஞ்சும்லா."

"தெனமுமா?"

"பின்ன?"

இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருக்கிறேன். இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. வேனிலிருந்து சிரித்துக்கொண்டு இறங்குகிற முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. மிச்சக் கறியை மிக்ஸியில் இன்னொரு சுற்று விட்டு எடுத்தேன். இரண்டு பேரும் ஒரே சட்டிக்குள் கையை விட்டு, கறி விரலில் பசைபோல ஒட்டுகிற வரைக்கும் அழுத்தி அழுத்திப் பிசைந்தோம். இந்தத் தடவை ஒரே ஒரு உருண்டையை எண்ணெயில் விட்டேன். அடியில் போய்க் கிடந்தது. மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல மேலே வந்து, புரண்டு, முழுசாகச் சிவந்தது.

"அந்த ஆர்டர் கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி, நாளைக்கு நீங்க போகக்கூடாது" என்றேன். அவர் உருட்டிக்கொண்டே இருந்தார்.

தூக்குச்சட்டிகளை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு விருதுநகர் போனோம். அக்கா ஒரு உருண்டையை எடுத்து இரண்டாகப் பிட்டு, ஊதி, வாயில் போட்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாருக்கு. காரம் சுள்ளுன்னு இருக்கு" என்றார். உள்ளே கூடத்தில் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். மண்டிச் சாப்பாடு என்று நானே மெதுவாக ஆரம்பித்தேன்.

"அதுவா... எங்க வீட்டுக்காரவுக வேற யாருகிட்டயோ பேசிக்கிட்டு இருக்காக போல. கேட்டுச் சொல்லுதேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. திரும்பி வரும்போது வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இனி என்ன சொல்லி இவரை நிறுத்துவது என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஊருக்குள் திரும்புகிற ஆமத்தூர் விலக்கு வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினார். போனை எடுத்து போர்மேனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, நாளைக்கு வரல. இனிமேலும் வரல."

"சீசன் நேரத்துல என்னப்பா இது? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இப்படியே இருக்கட்டும்னுதான் வரல."