தூதரகத்துக்கு வழி கேட்டவர்

யர்மிலாவுக்குச் சந்தேகம் வியாதி இல்லை, பிழைப்பு. ப்ராக் நகரத்தைச் சுற்றிக் காட்டும் வேலையில் நாற்பத்தோரு வருடம் போட்டவள். சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி, ஜெர்மன் பேசும் கூட்டங்களைக் கோட்டையிலிருந்து கல்பாலம் வரை நடத்திக்கொண்டு போவாள். சீட்டு வாங்காமல் ஒட்டிக்கொண்டவன், அடுத்தவர் பையில் கைவிடுபவள், கம்பெனி வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று எவரையும் ஐந்தே நிமிடத்தில் மோப்பம் பிடித்துவிடுவாள். பாதி நேரம் அது தப்பாக இருக்கும். அதையெல்லாம் அவள் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

அன்று காலை கோட்டை வாசலில் இறங்கிய இருபத்திரண்டு பேரில் சாம்பல் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் உறுத்தினார். எழுபத்தைந்து வயதிருக்கும், தனியாக வந்தவர். மற்றவர்கள் தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க, அவர் மட்டும் அவள் முகத்தையே பார்த்தார். எங்கே நின்றாலும் முண்டியடித்து முன்னால் வந்து நின்றார். அவள் பேசி முடித்ததும் ஒரு சின்ன நோட்டில் எழுதினார்.

யர்மிலா பஸ் ஓட்டுகிற போர்ஷெக்கிடம் போய்ச் செக் மொழியில் முணுமுணுத்தாள்.

“அந்தச் சாம்பல் கோட்டு என்னையே பாக்குது.”

“பாக்கட்டுமேக்கா. உன்ன ஒரு ஆம்பள பாத்து எத்தன வருஷமாச்சு.”

“வாய மூடு. எழுதுறான்டா.”

“உனக்கு டிராம்ல எதிர் சீட்ல தூங்கறவன்கூட போலீஸ்தான்.”

போர்ஷெக்குக்கு மெல்லப் பேசத் தெரியாது. பஸ் கதவருகே நின்ற பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். ஜெர்மன் கூட்டத்தோடு வந்த ஆளுக்குச் செக் புரிகிறது. 

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் வேலையில் சேர்ந்தது கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில். கூட்டத்தை ஓட்டலில் விட்டதும் வழிகாட்டி வீட்டுக்குப் போய்விட முடியாது. அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து ரகசியப் போலீசுக்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். யார் என்ன கேட்டார், யார் யாரோடு ஒதுங்கிப் பேசினார் என்று. எல்லா வழிகாட்டிகளும்தான் எழுதினார்கள். கெட்டிக்காரிகள் மழையையும் சூப்பில் உப்பு குறைந்ததையும் எழுதிப் பக்கத்தை நிரப்பினார்கள்.

யர்மிலா அன்று கெட்டிக்காரி இல்லை, பயந்தவள். எண்பத்து நான்கு அக்டோபரில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு வாத்தியார், சாப்பாட்டு மேசையில் அவள் பக்கம் குனிந்து, மேற்கு ஜெர்மன் தூதரகம் எந்தத் தெருவில் என்று கேட்டார். மேற்கே தப்பிப் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி அது. அவள் சொன்னாள். மாலையில் அதை எழுதியும் கொடுத்தாள், பெயரோடு, அறை எண்ணோடு. மறுநாள் காலை பஸ்ஸில் அவர் இருக்கை காலியாக இருந்தது.

செத்துப்போன புருஷனுக்கும் இது தெரியாது, மகனுக்கும் தெரியாது. ஆட்சி கவிழ்ந்து பழைய போலீஸ் கோப்புகளைத் திறந்துவிட்ட நாளிலிருந்து, கதவு தட்டப்படும்போதெல்லாம் அந்த வாத்தியார்தான் வந்துவிட்டார் என்று நினைப்பாள். இன்று வந்தேவிட்டார் போலிருந்தது. சரிபார்க்கவும் வழியில்லை. கம்பெனி கொடுத்த தாளில் தலைக்கணக்குதான் உண்டு, பெயர்கள் இல்லை. நாற்பது வருடத்தில் முகமும் அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு அவரை வேண்டுமென்றே கடைசி மேசையில் உட்கார வைத்தாள். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளைப் பார்த்தபடியே வாத்துக்கறியைச் சாப்பிட்டார். அவள் தன் தட்டைப் போர்ஷெக் பக்கம் தள்ளிவிட்டாள்.

கோட்டையிலிருந்து இறங்கும் சரிவில் அவர் வேகமாக நடந்து பக்கத்தில் வந்தார். அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“ஏம்மா, ஜெர்மன் தூதரகம் எந்தத் தெருவுல இருக்கு?”

யர்மிலா நின்றுவிட்டாள். “தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்க,” என்றாள். “ஆமா, நான்தான் எழுதிக் குடுத்தேன்.”

பெரியவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். “கொஞ்சம் சத்தமா சொல்லும்மா. எனக்குக் காது மந்தம். காலையிலேர்ந்து உன் வாயசைவப் பாத்துத்தான் பாதி புரிஞ்சுக்கறேன்.”

அங்கேயே ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ள வேண்டுமென்று இருந்தால் யார் தடுப்பது? பயம் முற்றி அது கோபமாகவே ஆகியிருந்தது. தெருவே கேட்கும்படி ஜெர்மனில் கத்தினாள்.

“எண்பத்து நாலுல நீங்க இதே கேள்வியக் கேட்டீங்க. நான் உங்களக் காட்டிக் குடுத்தேன்.”

குடைக்குப் பின்னால் வந்த இருபத்தொரு பேரும் அப்படியே நின்றார்கள்.

பெரியவருக்கு இப்போது நன்றாகக் கேட்டது.  “நான் ஹாம்பர்க்காரன்மா. இந்த ஊருக்கு வர்றதே இதான் முதல் தடவ. என் வீட்டுக்காரி உங்க நாட்டு ப்ர்னோ ஊர்ப் பொண்ணு, எனக்குச் செக் வந்ததும் அவளாலதான். இப்ப படுக்கையா கெடக்கா. எண்பத்தொம்போதுல கிழக்கு ஜெர்மன் சனங்க மேற்கே தப்பிக்க அந்தத் தூதரக வேலியில ஏறிக் குதிச்சத அவ டிவியில பாத்து அழுதா. அந்த எடத்தப் பாத்து எழுதிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்புனா.”

யர்மிலா குடையைத் தாழ்த்தினாள். இடப்பக்கம் பிரியும் தெருவைக் கையால் காட்டினாள். அவர் நகரவில்லை.

“அந்த மனுஷன் பேரு ஞாபகம் இருக்கா?”

“எர்வின் டிட்மார்.” யோசிக்காமல் வந்தது.

“அவருக்கு என்ன ஆச்சு?”

“தெரியாது.”

“கோப்பெல்லாம் தெறந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா. நீ கேட்டுப் பாக்கலியா?”

டிட்மார் தன்னைத் தேடி வருவார் என்று பயந்தே இத்தனை வருடத்தை ஓட்டியவளுக்கு, அவரைத் தேடிப் போகலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அது இப்போதுதான் அவளுக்கே உறைத்தது. வெட்கத்தில் முகம் எரிந்தது.

“இல்ல,” என்றாள், குரலே எழும்பாமல்.

திரும்பச் சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை.