எந்தக் குழந்தையின் அப்பா

மகளின் பள்ளியில் மாறுவேடப் போட்டி. பெற்றோருக்கும் ஒரு சுற்று உண்டு என்று வாட்ஸ்அப்பில் வந்த அறிவிப்பை நான்கு முறை படித்துவிட்டேன். பெயர் கொடுக்கவும் மனமில்லை, கொடுக்காமல் விட்டால் மகள் வருந்துவாளோ என்றும் பயம். எனக்கு அப்பாவின் நினைவுதான் வருகிறது.

நான் மூன்றாம் வகுப்பு. நல்லூரில் அந்தப் பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு டாக்டர் வேடம். வெள்ளைப் பனியன் துணியில் அம்மா கோட்டு தைத்திருந்தார். சாயப்பட்டறையில் வேலை பார்த்த அப்பா, ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கி என்னைப் பார்க்க ஓடிவந்தார். வாசலில் நின்ற டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முழங்கை வரை நீலம். வியர்வையைத் துடைத்த இடமெல்லாம், நெற்றியிலும் கன்னத்திலும், நீலம்.

"பெற்றோர் சுற்றுங்களா? வாங்க சார், அடுத்து நீங்கதான்" என்று சட்டையில் ஓர் எண் அட்டையைக் குத்தி மேடைக்கு அனுப்பிவிட்டார். டீச்சர் சொன்னால் தட்டத் தெரியாதவர் அப்பா. ஏறிவிட்டார்.

"என்ன வேஷங்க?" என்றார் மைக் பிடித்திருந்தவர்.

"வேஷமெல்லாம் இல்லீங்க. பட்டறைல இருந்து நேரா வர்றனுங்க."

அரங்கமே கைதட்டியது. "நடிப்பப் பாருங்க!" என்று யாரோ கத்தினார்கள். நடுவர் ஒருவர் எழுந்து வந்து அப்பாவின் கையைத் தேய்த்துப் பார்த்தார்.

"போகவே மாட்டேங்குதே! என்ன பெயிண்டுங்க?"

"நேவி ப்ளூங்க. போறதுக்கு நாலு நாளாகுமுங்க."

மறுபடியும் சிரிப்பு. என் பக்கத்தில் தேவதை வேடத்தில் இருந்தவள் என்னை இடித்தாள். "யாருடி அது, நீல நரியாட்டம்?"

"தெரியல" என்றேன்.

"இவர் எந்தக் குழந்தையோட அப்பா? கை தூக்கு கண்ணு!" என்று மைக் கேட்டது.

அப்பாவின் கண்கள் வரிசையாக வந்து என்மேல் நின்றன. நான் குனிந்து ஸ்டெதஸ்கோப்பின் குழாயைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"எம் பாப்பா இந்தப் பள்ளிக்கூடம் இல்லீங்க" என்றார் அப்பா. "வழி தெரியாம வந்துட்டனுங்க."

அன்றைக்கு அதற்குத்தான் பெரிய கைதட்டல். அவருக்கு இரண்டாம் பரிசு அறிவித்தபோது அவர் அங்கே இல்லை.

சாயங்காலம் வீட்டில் அவரே பேச்செடுத்தார். "டாக்டரம்மாவுக்கு என்ன சொன்னாங்க கண்ணு? அப்பாவால வர முடியல, பட்டறைல பர்மிஷனே குடுக்கலீங்களே, என்ன பண்றது." அம்மா அதை நம்பினார். நல்லவேளை, நான் குனிந்ததை அப்பா பார்க்கவில்லை என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கு எப்போது வந்தாலும் அப்பா முழுக்கைச் சட்டையில்தான் வந்தார். பங்குனி வெயிலிலும் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றமாட்டார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நிற்பார். எங்கப்பா ஆபீசர் மாதிரி வருகிறார் என்று தேவதை வேடம் போட்டவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.