இடிக்குக் காரணம் சொல்ல வந்தவர்கள்

என் பெயர் ஞானம்மாள். எப்போதும்வென்றான் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். ஆடு மேய்க்கிற குடும்பம். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். சிலருக்குக் கசக்கும், கசக்கட்டும்.

முந்தின வருஷம் ஐப்பசியில் என் வீட்டுக்காரர் இடி விழுந்து இறந்துபோனார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், மழை இறங்கவும் வெட்டவெளியான கரிசல்காட்டில் தனியாக நிற்கிற பனைக்கு அடியில் ஒதுங்கியிருக்கிறார். அங்கேயே முடிந்துபோனது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

அழ விட்டால்தானே! அடக்கம் முடிந்த கையோடு காரணம் சொல்லக் கிளம்பிவிட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அதில் மண் ஒட்டிவிடக் கூடாதென்று கார் வாசல்படி வரைக்கும் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "ஒங்க வீட்டுக்காரர் அய்யனார் கோயில் நெலத்துல கிடை போட்டாருல்லா, அதான் கர்த்தருக்குக் கோவம்." கிடை போடுவதென்றால் உரத்துக்காக ராத்திரி ஆடுகளை வயலில் அடைப்பது. எங்கள் பிழைப்பே அதுதான். வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஆட்டுப் புழுக்கைக்காகவா ஒரு மனுஷனை எரிப்பார்? என் தலையில் எண்ணெயை ஊற்றி, பயத்தின் ஆவியே போ என்று கத்தி, ஒரு தள்ளு தள்ளினார். ஆவி போகவில்லை, கழுத்துதான் சுளுக்கிக்கொண்டது.

இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் என் நாத்தனார் முத்துக்கனி. என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கச்சி, எங்களோடு கிறிஸ்தவத்துக்கு வராமல் குலசாமியையே கும்பிடுகிறவள். "கொலசாமிய விட்டுட்டு வேதத்துக்குப் போனீயள்லா மயினி, அது சும்மா இருக்குமா?" என்றாள். விழுந்தது ஒரே இடி. அதை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தங்கள் சாமிதான் கொன்றது என்று சொல்லிக்கொள்வதில் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு பெருமை! தூ!

காறித் துப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். முடியவில்லை. அந்தப் பேச்சு நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ஆண்டவரே கொன்றார் என்றால், அவரிடமே போய் என்னவென்று ஜெபிக்க? மேகம் கறுத்தால் கதவைச் சாத்திக்கொள்வேன். காட்டுப் பக்கம் போவதையே விட்டேன். சபை முழுவதும் மழைக்காக முழங்கால் போட்டபோது, நான் மட்டும் மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என் ஆடுகளை முத்துக்கனிதான் தன் ஆடுகளோடு பத்திக்கொண்டு போனாள். வாய்தான் அப்படி, வேலைக்குக் குறை வைக்க மாட்டாள்.

போன ஐப்பசியில் ஒரு மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடிக்கத் தொடங்கியது. எங்கள் வாசலில் நின்றால் அந்தப் பனை தெரியும். ஆடுகள் அதன் அடியில் போய் ஒண்டுவதைப் பார்த்தேன். முத்துக்கனியும் அங்கேதான் இருப்பாள் என்று தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காத தூரம். நான் அடுப்படிக்கு ஓடி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

"ஆண்டவரே, நீர்தான் அவரக் கொன்னீரா? கொன்னிருந்தா சொல்லிரும், இனிமே ஒம்ம பக்கமே வரல. இல்லன்னா என்கூட வாரும். எனக்குத் தனியாப் போவ முடியல."

இவ்வளவுதான் என் ஜெபம். பிரசங்கியார் கேட்டிருந்தால் இன்னொரு பாட்டில் எண்ணெய் செலவாகியிருக்கும்.

குரல் ஒன்றும் கேட்கவில்லை. தரிசனமும் இல்லை. எழுந்தேன். பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் கால் நடந்தது. ஈரக் கரிசல் செருப்பைப் பிடித்துக்கொண்டது, உதறிவிட்டுப் போனேன். பக்கத்தில் ஒருவர் வருகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்படி என்று கேட்காதீர்கள்.

முத்துக்கனி ஒரு சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, பனையில் சாய்ந்து, ஒவ்வொரு இடிக்கும் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மரத்த விட்டு வா!"

"நனஞ்சிருவேன் மயினி!"

"நனஞ்சா காயலாம்டி! ஒங்கண்ணன் நின்ன எடம்லா இது, அறிவு கெட்டவளே!"

கையைப் பிடித்து இழுத்தேன். ஆடுகளையும் விரட்டிக்கொண்டு தூரமாகப் போய், ஒரு பள்ளத்தில் குத்தவைத்து உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பெரிய காட்டில் உயரமாக நிற்பது அந்தப் பனை ஒன்றுதான். அன்றைக்கு இடி அதில்தான் இறங்கியது. அவர் அடியில் நின்றார். இதற்குக் கிடை காரணமில்லை, குலசாமி காரணமில்லை, என் ஆண்டவருக்குக் கோபமும் இல்லை. சத்தம் போட்டு அழுதேன். ஒரு வருஷமாக வராத அழுகை எல்லாம் வந்தது.

"எங்கண்ணன் மழைக்குத்தான மயினி ஒதுங்குச்சு, பாவம்" என்று முத்துக்கனியும் அழுதாள். அதற்குப் பிறகு அவள் காரணம் பேசவில்லை.

இப்போது ஆடுகளை நானே பத்துகிறேன். இடி கேட்டால் இன்றைக்கும் ஆடுகளை விரட்டிக்கொண்டு பள்ளத்தைத் தேடி ஓடுவேன். பயம் சுத்தமாகப் போய்விட்டது என்று இங்கே நின்று பொய் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கல் இறங்கிவிட்டது. ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது. ஜெபிக்க வாய் வருகிறது.

உங்களில் யாருக்காவது அப்படி ஒரு பாரம் இருந்தால், அவரிடமே போய்க் கேளுங்கள். திட்டிக் கேட்டாலும் பரவாயில்லை, தாங்குவார். துக்க வீட்டுக்கு வந்து அவருக்காக வக்காலத்து வாங்குகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர்கள் என்னிடம் எவ்வளவோ பேசினார்கள். ஆண்டவர் ஒன்றும் பேசவில்லை. சேற்றில் என்கூட நடந்து வந்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.