லூர்து மேரி பங்கு போட்ட வேலை

லூர்து மேரியின் பதினெட்டு வருஷத்தைக் கம்பெனி திருடிக்கொண்டது. அவர் தாமாகவே அதைக் கொடுத்துவிட்டார் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருவொற்றியூர் எனாமல் தொழிற்சாலையில் அவரோடு உட்கார்ந்து வேலை செய்தவர்கள், பிறகு அவரைத் திட்டியவர்கள், போன வாரம் அவர் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள் எல்லாரும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தாம்.

செய்தி கொண்டுவந்தவள் காவேரி. குப்பத்துப் பெண், எங்கள் தொழிற்சாலையின் பெண்கள் பகுதியில் கடைசியாகச் சேர்ந்தவள். நான் தேரடி டீக்கடையில் நின்றிருந்தேன். அவளும் மேரியக்காவும் இப்போது வேலை செய்த ராயபுரம் இறால் கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவையில் ஈரம் காயவில்லை.

"மேரியக்கா பூட்ச்சி," என்றாள். "மூணு நாளா ஜுரம். நேத்துகூட வேலைக்கு வரேன்னு நின்னுகினு இருந்திச்சி. நாந்தான் இட்டுகினு போயி படுக்க வெச்சேன்."

கடைக்காரர் ஒரு டீயை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தொடவில்லை. "சாயங்காலம் எடுக்கறாங்க. அன்னிக்கித் திட்டுனவளுங்க எல்லாத்துக்கும் சொல்லிட்டேன். வரட்டும்."

வெள்ளை எனாமல் தட்டின் விளிம்பில் நீலக் கரை ஓட்டுவது மேரியக்காவின் வேலை. இடது கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, வலது கைத் தூரிகையை அசையாமல் பிடிக்க வேண்டும். கரை ஓட்டிய தட்டுகளை உலையில் வைத்து எடுப்பவர்கள் நாங்கள். ஒரு நாள் மேற்பார்வையாளர், வேகம் போதாது என்று பெண்களுக்குப் பின்னால் நின்று கைதட்டிக்கொண்டே இருந்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னா சார், பஜனையா? கைத்தட்டுனா கரை ஓடாது. ஒரு தட்டு எடுத்துகினு வந்து பக்கத்துல குந்து. போட்டுக் காட்டு, பாத்துக் கத்துக்கறேன்."

பெண்கள் பகுதி முழுவதும் சிரித்தது. அந்த மாதம் அக்காவுக்கு ஓவர்டைம் கொடுக்கவில்லை. "சிரிப்புக்கு டிக்கெட்டு வாங்கிட்டேன்னு வெச்சிக்கோ நைனா," என்றார் என்னிடம்.

அறுபத்தாறில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்களே, அதற்கு மறு வருஷம் எல்லாம் ஆரம்பித்தது. மதிப்பு இறங்கினால் ஏற்றுமதி கூடும் என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் தட்டும் குவளையும் போய்க்கொண்டிருந்த நாடுகளில் தீர்வையை ஏற்றிவிட்டார்கள். இங்கே இரும்புத் தகடும் எனாமல் பொடியும் விலை ஏறின. அனுப்ப வேண்டிய பெட்டிகள் கிடங்கில் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. மேனேஜர் எல்லாரையும் முற்றத்தில் கூட்டி, உலகச் சந்தையைப் பற்றி இங்கிலீஷ் கலந்து நெடுநேரம் பேசினார். முடித்ததும் ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார்.

மேரியக்கா கையைத் தூக்கினார். "எந்த ஊர்லயோ எவனோ வரி போட்டான், சரி. அத்த நீங்க பாதி, நாங்க பாதி தாங்கணும் இல்ல? மொத்தத்தையும் எங்க வூட்டுப் பானையில வந்து ஏன் சார் கொட்றீங்க?"

கூட்டம் முடிந்தது என்றார்கள்.

வேலை இல்லாமல் கம்பெனி ஆளை வீட்டுக்கு அனுப்பினால் பாதிச் சம்பளம் தர வேண்டும். லே-ஆஃப் என்பார்கள். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு ஆட்குறைப்பு வரும். கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே போக வேண்டும். இந்த முறையில் மேரியக்காவுக்கு ஒரு பயமும் இல்லை. பெண்கள் பகுதியில் அவர்தான் மூத்தவர். போக வேண்டிய முதல் ஆள் காவேரி. அவள் புருஷன் விசைப்படகில் கால் நசுங்கிக் குடிசையில் கிடந்தான்.

சாப்பாட்டுக் கொட்டகையில் பெண்கள் கூடினார்கள். இருக்கிற வேலையை எல்லாருமாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஆளுக்கு வாரத்தில் மூன்று நாள், யாரும் வெளியே போக வேண்டாம் என்றார் மேரியக்கா. அவருக்கு அடுத்த மூத்தவர் ருக்மணி.

"உனுக்கு இன்னா பேஜாரு? உன்னை எவனும் தொட முடியாது. கடைசியா வந்தவளக் காப்பாத்தறதுக்கு நாங்க ஏன் பாதி வயித்தோட இருக்கணும்?"

"நானுந்தாண்டி பாதி வயித்தோட இருக்கப் போறேன். உன்கூட சேந்து."

"உம்புருசன் ஹார்பர்ல சம்பாதிக்கறாரு."

"கப்பல் வந்தாத்தானே சம்பாதிப்பாரு? சூயஸ் கால்வாய மூடினதுலருந்து காத்தாடத்தான் போயிட்டு வராரு. வேணும்னா ஒரு வாரம் இட்டுகினு போயி சோறு போட்டுப் பாரு. பானையோட துன்னுருவாரு."

ருக்மணியே சிரித்துவிட்டார். ஒருத்தர் பின் ஒருத்தராக ஒப்புக்கொண்டார்கள்.

மேனேஜர் மறுக்கவில்லை. அவர் அத்தனை சீக்கிரம் தலையாட்டியதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். இங்கிலீஷில் அடித்த ஒரு தாளை நீட்டினார்கள். தொழிலாளர்கள் தங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வர அனுமதி கேட்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. கையெழுத்து போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். உலைக்காரர்களாகிய நாங்கள் பங்கு போடவில்லை. ஆண்களில் கடைசி ஆளான என்னை லே-ஆஃபில் அனுப்பினார்கள். பாதிச் சம்பளம் வந்தது, பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு வராத நாட்களுக்கு ஒரு பைசா வரவில்லை. கம்பெனி அனுப்பவில்லையே, அவர்களாகக் கேட்டு வாங்கிய லீவு அல்லவா அது.

அந்த வருஷம் ஒரு மத்தியானம் ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். ஓரம் உதிர்ந்த எனாமல் தட்டுகளைப் பக்கத்துப் பிள்ளைகள் தெருவில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காலைச் சோறா, ராத்திரிச் சோறா என்று கேட்டேன். "மூணு வேளையையும் ஒண்ணா மடிச்சிட்டேன். பொட்டியில கம்மியா எடம் புடிக்கும்," என்றார். அவர் புருஷன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் பெண்கள் பகுதியை மூடிவிட்டார்கள். ஈட்டுத்தொகை கேட்கப் போனவர்களிடம் அந்தத் தாளைக் காட்டினார்கள். கடந்த ஒரு வருஷத்தில் வாரம் மூன்று நாள்தான் வந்திருக்கிறார்கள், சட்டப்படி அது தொடர்ந்த வேலை ஆகாது, ஆகவே யாருக்கும் எதுவும் கிடையாது என்றார்கள். முந்தைய வருஷங்கள்? அவையும் அதோடு போயின. புதிதாக வந்த காவேரிக்கு இழப்பதற்கு அதிகம் இல்லை. மேரியக்காவுக்குப் பதினெட்டு வருஷம்.

பெண்கள் கம்பெனியைத் திட்டியிருக்க வேண்டும். கம்பெனி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. குழாயடியில் மேரியக்கா இருந்தார். "தலைவி வராங்க, வழி வுடுங்கடி," என்பார் ருக்மணி. "இன்னும் எதுனா பங்கு போடணுமா, கேளுங்க." குடத்தை வைத்துக்கொண்டு நிற்பார் அக்கா. ஒரு முறை நான் ருக்மணியிடம் சண்டைக்குப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வுடு நைனா. கைக்கு வேலை இல்லை, வாய்க்காவது இருக்கட்டும்."

கடைசியாக அவரைப் பார்த்தது இறால் கொட்டகையில். ஐஸில் கிடந்த கை வெளுத்து, விரல் நுனிகள் வெடித்திருந்தன. அந்தக் கையால் இனித் தூரிகை பிடிக்க முடியாது. பங்கு போட்டது தப்பு என்று தோன்றுகிறதா என்று கேட்டேன். இறாலை உரித்துக்கொண்டே சொன்னார்.

"பங்கு போட்டது தப்பில்லை. இன்னொரு வாட்டி கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். இங்கிலீசு படிக்கத் தெரிஞ்ச ஒருத்தனைப் பக்கத்துல வெச்சிகினு சொல்லுவேன், அவ்ளோதான்."

இரங்கல் கூட்டத்தில் தியாகம் என்ற சொல்லைப் பலரும் பயன்படுத்தினார்கள். எனக்கு அது வேண்டாம். தியாகம் என்றால் கம்பெனி தப்பித்துக்கொள்ளும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். கம்பெனியிலிருந்து எந்தத் தாள் வந்தாலும், பிறகு கற்றுக்கொண்ட இங்கிலீஷில் தொழிற்சாலை வாசலில் நின்று உரக்கப் படிக்கிறேன், தமிழில் சொல்கிறேன், நாலு பேர் கேள்வி கேட்கும்வரை பேனாவைத் திறக்க விடுவதில்லை. இதற்காக எனக்கு இரண்டு முறை எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். அவர்களைக் கூட்டிப்போனவர் ருக்மணி. முன்தினம் கல்லறையில் அவர் அழவில்லை. மேனேஜர் அறைக்குள் இரண்டு பேரைத்தான் விட்டார்கள். ருக்மணியும் காவேரியும் போனார்கள். மற்றவர்களோடு நான் கதவருகே நின்றேன்.

"நீங்கள் இறந்தவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார் மேனேஜர்.

"பக்கத்துச் சக்கரம்," என்றார் ருக்மணி.

மேனேஜர் விதிகளைச் சொன்னார். இருவரும் முழுவதையும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு காவேரி பேசினாள்.

"அவங்க வூட்டுக்குச் சேர வேண்டியதைக் கேக்க இன்னொரு நாள் வரோம் சார். இன்னிக்கி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மேரியக்கா வேலைய வுட்டாங்களா, நீங்க புடுங்குனீங்களா?"

மேனேஜர் மணியை அடித்தார். பியூன் வந்து நின்றான். மேனேஜர் மேஜைமேல் இருந்த தம் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வுட்டாங்களா, புடுங்குனீங்களா?" என்றார் ருக்மணி.