ஒன்பது துண்டும் ஒரே மீன்

குடியுரிமை நேர்முகத்துக்கு மூன்றே நாள் இருக்கும்போது, ஏரிக்கரையில் குந்தியிருந்து சட்டத்துக்குப் புறம்பாக மீன் வெட்டியவன் நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பசிகூட இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒருவனுக்கு வரக்கூடிய புத்தி இவ்வளவுதான் என்றால், அடுத்த பத்து வருடத்தை நினைக்க எனக்கே பயமாக இருக்கிறது.

பதின்மூன்று வருடமாக விதவிதமான விசாக்களில் இருந்துவிட்டு, கடைசியில் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது, மிச்சம் நான்தான். மனைவி அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். அதற்குக் கீழே தன் கையாலேயே, 'அதுவரைக்கும் ஒரு கரைச்சலும் வேண்டாம்' என்று எழுதி வைத்திருந்தாள். யாருக்கென்று எழுதவில்லை. தேவையும் இல்லை.

அந்த நேரம் பார்த்து நோர்வேயிலிருந்து அவளுடைய தம்பி வந்து நின்றான். அந்த நாட்டின் உச்சியில், குளிர்காலத்தில் சூரியனே எட்டிப்பார்க்காத ஓர் ஊரில், மீன் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவன். ஐந்து நாளும் மீன் வெட்டுவான். ஆறாம் நாள் ஓய்வெடுக்கலாம் என்று மீன் பிடிக்கப் போவான். உறைந்துபோன ஏரியின் நடுவில் துளை போட்டு, மான்தோலை விரித்து உட்கார்ந்து, குழந்தைப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு முழத் தூண்டில் தடியைப் பிடித்துக்கொண்டிருக்கும் படங்களை எங்களுக்கு அனுப்புவான். எல்லாம் ஒரே மீனுக்காக. அதன் பெயர் ஆர்க்டிக் சார்.

அந்த மீனைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் தேத்தண்ணி ஆறிவிடும். உலகத்தில் அதைவிட வடக்கே எந்த நன்னீர் மீனும் இல்லையாம். எட்டு மாதம் பனிக்கூரைக்குக் கீழே இருட்டில் கிடக்குமாம். ஒரே ஏரியில் ஒரு கூட்டம் விரல் நீளத்திலேயே நின்றுவிடும். இன்னொரு கூட்டம் அந்தச் சின்னதுகளைத் தின்று கை நீளத்துக்கு வளரும்.

"சொந்தக்காரரைத் திண்டு வளருறது எங்கட ஆக்கள் மட்டுமில்லை அத்தான்," என்பான்.

நாங்கள் இருக்கிற அவுஸ்திரேலியாவில் அந்த மீன் இல்லை. ஆனால் அதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று இருக்கிறது. புரூக் ட்ரவுட். பெயர்தான் ட்ரவுட், பிறப்பில் அதுவும் சார் குடும்பம். எங்கள் பனிமலைப் பக்கத்துக் குளிர் ஏரிகள் சிலவற்றில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதை ஒருதரம் உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை.

"அதுக்கென்ன மச்சான், நான் இஞ்ச எத்தினை வருசமாய் மீன் பிடிக்கிறன்!" என்றேன் நான்.

பிடித்தது கடற்பாறையில் நின்று. அதிலும் பாதி நாள் வரும் வழியில் கடையில் வாங்கியது.

இரண்டு பேரும் அனுமதிச்சீட்டை முறைப்படி எடுத்தோம். சனிக்கிழமை விடியமுன்னர் எங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஆறு மணித்தியாலம் ஓடி, மலைமேல் ஒரு சின்ன அணைக்கட்டு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இங்கே மே என்றால் குளிர் தொடங்கும் மாதம். நான் மூன்று சுவெற்றருக்கு மேல் மனைவியின் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தேன். அவன் ஒரு சட்டையோடு நின்று, "நல்ல வெய்யில்," என்றான்.

என்னுடைய பத்தடித் தடியையும் இறால் குத்திய தூண்டிலையும் பார்த்துவிட்டு, "அத்தான், சுறாவுக்கோ வந்தனீங்கள்?" என்று கேட்டுத் தன் தடியைக் கையில் தந்தான். நுனியில் விரல் நகம் அளவில் செம்மஞ்சள் தகடு ஒன்று. அதை அடிவரைக்கும் இறங்க விட்டு, ஒரு சாண் தூக்கி, பிறகு சும்மா இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் இந்த மீன் அவசரப்படாதாம். கடிப்பதும் பிடுங்கி இழுக்கிற மாதிரி இல்லை, யாரோ தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்குமாம்.

இரண்டு மணித்தியாலம் யாரும் தட்டவில்லை. அவன் சுடச்சுடத் தேத்தண்ணி எடுத்துவர மேட்டில் நின்ற காருக்குப் போனான். அந்த நேரம் பார்த்துத் தட்டியது.

எப்படி இழுத்தேன் என்று கேட்காதீர்கள். கரையில் வந்து விழுந்தது. வயிறு பழுத்த பப்பாசி நிறம். நான் பிடித்த முதல் ஏரி மீன்! எனக்குள் அப்போது வந்தது வேட்டைக்காரன் இல்லை, குசினிக்காரன். ஆறு மணித்தியால ஓட்டம், மீன் பழுதாகக்கூடாது. மனைவிக்குத் துண்டு எப்படி வேண்டுமென்று எனக்குத் தெரியும். பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த கத்தியை எடுத்தேன். தலை தேங்காய்ப்பால் சொதிக்கென்று வேறு பையில். வாலோடு எட்டுத் துண்டு. மஞ்சளும் உப்பும் பிரட்டி டப்பாவில் போட்டுக் கையைக் கழுவியபோதுதான் மச்சான் இரண்டு கோப்பையோடு வந்தான்.

"பிடிச்சிட்டன்!" என்றேன்.

"எங்க?"

டப்பாவைக் காட்டினேன். அவன் கோப்பைகளை மெதுவாகக் கீழே வைத்தான்.

"படம் எடுத்தனீங்களோ?"

"இல்லை."

"இதை முழுசாய்ப் பாக்கத்தானே அத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தனான்."

நான் டப்பாவை இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து "ஹலோ" என்று குரல் கேட்டது. மீன்வளத்துறை அதிகாரி, இளம் பெண். அனுமதிச்சீட்டுகளைப் பார்த்துச் சிரித்தாள். டப்பாவைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

தண்ணீருக்குப் பக்கத்தில் மீனைத் துண்டு போடக்கூடாது. குடலை எடுக்கலாம், அவ்வளவுதான். துண்டு போட்டால் என்ன மீன், எத்தனை மீன், என்ன நீளம் என்று தான் எப்படி அளப்பது என்று கேட்டாள். பிறகு, கொஞ்சம் இரக்கத்தோடு, "இங்கேயே சமைத்துச் சாப்பிடப் போகிறீர்களா?" என்றும் கேட்டாள். அவள் எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கேயே சாப்பிடுவதென்றால் வெட்டலாமாம். நானோ, ஏரிக்கரையில் அடுப்பு மூட்டுவதுதான் பெரிய குற்றம் என்று நினைத்து, "நோ, நோ! நோ குக்கிங்! டேக் ஹோம்!" என்று நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் பண்ணினேன்.

அவள் குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். குறைந்தபட்ச நீளம் வராத இரண்டு மூன்று சின்ன மீன்களாக இருக்கலாம் என்றாள். குடியுரிமைப் படிவத்தில் குற்றங்களைப் பற்றிய கேள்விக்கு நேரே நான் போட்ட 'இல்லை' கண்முன்னே வந்து நின்றது. பதின்மூன்று வருடம் ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாதவன், ஒரு மீன் குழம்புக்காகக் குற்றவாளியாகப் போகிறேன்.

மச்சான் மேட்டுக்கு ஓடினான். காரின் றப்பர் விரிப்பை எடுத்துவந்து கரையில் விரித்தான். துண்டுகளை ஒவ்வொன்றாக ஏரித் தண்ணீரில் கழுவினான். மஞ்சள் போகப்போக உள்ளே இருந்த மீன் தெரிந்தது. முதுகில் புழு ஊர்ந்த மாதிரி வளைந்து வளைந்து கோடுகள். ஒரு துண்டில் அறுந்த கோட்டுக்கு அடுத்த துண்டைத் தேடிப் பொருத்தினான், விட்ட இடத்திலிருந்து கோலத்தைத் தொடர்கிற மாதிரி.

"தலை எங்க?" என்றான்.

"சொதிக்கு..."

"தாங்கோ."

தலை, ஏழு துண்டு, வால். ஒரு கோடு தப்பாமல் பொருந்தியது. அவன் எழும்பி, தொழிற்சாலையில் புது ஆட்களுக்குக் காட்டுகிற குரலில் ஆங்கிலத்தில் சொன்னான்: ட்ரவுட் என்றால் வெளிறிய உடம்பில் கறுப்புப் புள்ளி. சார் என்றால் கறுத்த உடம்பில் வெளிறிய புள்ளி. செட்டையின் முன் ஓரத்தில் சுண்ணாம்பு பூசினமாதிரி வெள்ளை, அதை ஒட்டிக் கறுப்பு. ஆக இது சார் குடும்பத்துப் புரூக் ட்ரவுட். கோடுகள் சேருகிறபடியால் ஒரே மீன்.

அவள் குந்தியிருந்து அளவுகோலை வைத்தாள். முப்பத்தாறு சென்ரிமீற்றர். தாராளமாகப் போதும். புத்தகத்தை மூடினாள். இனிமேல் வீட்டுக்குப் போகும்வரை முழுசாக வைத்திருங்கள், இது வாய்மொழி எச்சரிக்கை மட்டும்தான் என்றாள்.

நன்றி சொல்லித் தலையாட்டினேன். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். சந்தோசம் தாங்காமல், செவ்வாய்க்கிழமை எனக்குக் குடியுரிமை நேர்முகம் என்றேன். தெரியாமல் செய்ததுதான் என்று நிரூபிக்க, "கடற்கரையிலும் நான் எப்போதும் இப்படித்தான் வெட்டுவேன்," என்றும் சொன்னேன். மச்சான் என் காலை மிதித்தான். அதிகாரி மூடிய புத்தகத்தைப் பார்த்தாள், என் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள். "அது என் காதில் விழவில்லை," என்றுவிட்டு மேட்டில் ஏறிப் போனாள்.

மச்சான் விரிப்பில் கிடந்த மீனைப் படம் எடுத்தான், ஒன்பது துண்டாகவே. அன்று பின்னேரம்வரை இருந்தும் வேறு எதுவும் தட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லாம் பத்தரைக்குள் முடிந்தது. தேர்வின் இருபது கேள்விக்கும் சரியான விடை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்; நேர்முக அதிகாரி நல்ல நாளாக அமையட்டும் என்றபோதுகூடத் தலையை மட்டும் ஆட்டினேன். வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். காற்று உடம்புக்குள் முழுசாகப் போய் வந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, குழம்பில் கடைசித் துண்டைப் பிரித்துக்கொண்டிருந்த மச்சானிடம், "பாத்தியே, ஒரு மீன் என்னைக் கவிழ்க்கப் பாத்தது," என்றேன்.

அவன் முள்ளைத் தட்டு ஓரத்தில் வைத்தான்.

"மீன் பாவம் அத்தான். அந்த ஏரிக்கரை ஒபிசர் பிள்ளை உங்களை மூண்டுதரம் விட்டவள். நீங்கள்தான் போகமாட்டன் எண்டு நிண்டனீங்கள்."